ஒரு நம்பர், இரண்டு எஞ்சின்

வைக்கோலுக்குள் கையை விட்டு மூன்றாவது நம்பர் பலகையை எடுத்த கொர்பீனியன், நான்காவதைத் தேடினான். பெட்டியின் அடிப்பலகை தட்டுப்பட்டது. மறுபடி துழாவினான். வைக்கோல், வைக்கோல், ஒரு ஆணி.

"மூணுதான் இருக்கு சார்."

"மூணுதான் இருக்கும்" என்றார் ஸ்டீக்லர். ஹின்டர்மோஸ் எஞ்சின் ஷெட்டுக்கு அவர்தான் தலைவர். மீசை முனையைக் கடித்துக்கொண்டிருந்தார். "நம்மகிட்ட இருக்கறதே மூணு எஞ்சின்தானே?"

இருவரும் ஒரே நேரத்தில் ஷெட்டின் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நான்கு எஞ்சின்கள் நின்றுகொண்டிருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து ஜூன் மாதம், திங்கட்கிழமை காலை. பவேரியா, பிரஷ்யா, சாக்ஸனி என்று ஆளுக்கொரு விதமாக எஞ்சின்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. இனி நாடு முழுக்க ஒரே வரிசை. அந்த வரிசை பெர்லினில் ஓர் அறையில் தயாராகி, வார்ப்பு இரும்பாக உருமாறி, வைக்கோல் சுற்றி வந்து இறங்கியிருக்கிறது.

பலகைகளோடு வந்த கடிதத்தை ஸ்டீக்லர் நீட்டினார். கொர்பீனியன் எண்ணெய்க் கையை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாசித்தான். புதன்கிழமை பெர்லினிலிருந்து ஹெர் விட்கோப் என்ற அதிகாரி வருகிறார். பலகைகளைத் தன் கண் முன்னால் மாட்டவைப்பார். பலகை இல்லாத எஞ்சின் அன்றோடு வண்டி இழுக்கக் கூடாது. உடைப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

கொர்பீனியன் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தான். ஏனென்றால் அந்த நான்காவது எஞ்சின் அவனுடையது.

அவனுடையது என்றால் அவன் சொத்து இல்லை. போருக்குப் போன காலம் நீங்கலாக, பதினாறு வருடமாக அவன் ஒருவனே ஓட்டுவது. எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்த மழைக்கு வழுக்கும், எல்லாம் அவனுக்குத் தெரியும். பழைய பவேரிய வரிசையில் அதன் நம்பர் 2781.

சட்டப்படி 2781 ஆறு வருடத்துக்கு முன்பே செத்துவிட்டது.

போரில் தோற்ற கையோடு ஜெர்மனி ஐயாயிரம் எஞ்சின்களை எதிரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதில் ஹின்டர்மோஸ் பங்கு ஒன்று. ஓட்டை உடைசலை எவனும் வாங்கமாட்டான், நல்லதாகத்தான் கேட்பான். ஷெட்டிலேயே நல்லது 2781. கொர்பீனியன் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஸ்டீக்லர் மனமிரங்கினார். பனி கொட்டுகிற ஒரு மத்தியானம், ஒப்படைக்கும் எஞ்சின்களை எண்ணிக்கொண்டிருந்த ஆளுக்கு இரண்டு பீப்பாய் பீரும் ஒரு பன்றித் தொடையும் போயின. ரசீது வந்தது: '2781 ஒப்படைக்கப்பட்டது.' எஞ்சின் மட்டும் போகவில்லை. மதுபான ஆலைக்குப் பின்னால் வைக்கோல் போருக்குள் ஒன்றரை மாதம் தூங்கியது.

வெளியே வந்தபோது அதற்கு ஒரு நம்பர் வேண்டுமே? பக்கத்தில் நிற்கும் இரட்டைப் பிறவி 2774-இன் பலகையைப் பார்த்து ஊர்க் கொல்லன் அச்சு அசலாக ஒன்று வார்த்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஹின்டர்மோஸில் 2774 இரண்டு. ஒன்று உள்ளே வந்தால்தான் மற்றது வெளியே போகும். இரண்டும் சேர்ந்து வெளியே தலைகாட்டக் கூடாது. ஊருக்கே தெரியும். பாதிரியாருக்கும் தெரியும். பெர்லினுக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"சார், நேரா வரானே, ஏன்? பலகை மாட்ட நம்ம ஃபிட்டர் போதாதா?"

"கடைசிப் பத்தியப் படி."

கொர்பீனியன் படித்தான். 'மேலும், 2774 எண் கொண்ட எஞ்சின் ஆறு ஆண்டுகளாக மற்ற எஞ்சின்களைப்போல் இரண்டு மடங்கு தூரம் ஓடியிருப்பதும், பாய்லர் கழுவுவதற்காக ஒரு நாள்கூட ஓய்வெடுக்காததும் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இந்த அதிசய எஞ்சினில் ஹெர் விட்கோப் ஒரு நாள் முழுவதும் பயணம் செய்து, அதன் ரகசியத்தை அறிய விரும்புகிறார்.'

"பாராட்டுப் பத்திரமும் கொண்டு வரானாம்" என்றார் ஸ்டீக்லர். அழுதுவிடுவார்போல் இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் கேண்டீனில் கூடினார்கள். கேண்டீனை நடத்துவது கொர்பீனியனின் தங்கை சென்ஸி. அவள் கணவன் பங்கிராஸ்தான் இன்னொரு 2774-இன் டிரைவர். அதாவது நிஜமான 2774. மைத்துனர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததே அபூர்வம். ஒருவன் வண்டியில் இருந்தால்தானே இன்னொருவன் வீட்டில்? இன்று இரண்டு எஞ்சினும் ஷெட்டுக்குள் இருக்க, கடைசி வண்டியை வேறொன்று இழுத்துப் போயிருந்தது.

பங்கிராஸ் புதுப் பலகையை மேஜைமேல் வைத்து விரலால் தடவினான். "தொண்ணூத்தெட்டு, நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. என்ன மச்சான் இது, போன் நம்பர் மாதிரி? நேத்து வரைக்கும் நம்ம எஞ்சின் வகைக்கு டி பதினொண்ணுன்னு பேரு, ஒரு கெத்து இருந்துச்சு. இப்ப பாரு. எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கெல்லாம் ஒண்ணாம் நம்பராம். நாம தொண்ணூத்தெட்டாம். நமக்கு அப்புறம் தொண்ணூத்தொம்பது, அது குறுகல் தண்டவாளத்துல ஓடற பொம்மை ரயிலு. அத்தோட லிஸ்டே முடிஞ்சுது."

"உனக்குப் பலகை வந்திருச்சு, நீ பேசுவ மாப்பிள்ளை."

"நான் என்ன வேணும்னா கேட்டு வாங்கினேன்? ஆறு வருஷமா என் எஞ்சின் பேர்ல உன் எஞ்சின் கரி தின்னுது. நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?"

"தினமும் கேட்டிருக்கீங்க" என்றாள் சென்ஸி, கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி. "இப்ப ஆகற வேலையப் பாருங்க. அந்த ஆளு எஞ்சினப் பத்தி எவ்வளவு தெரிஞ்சவன்?"

"லிஸ்ட் போடறவனாம்" என்றார் ஸ்டீக்லர். "எஞ்சின்ல ஏறியிருக்கவே மாட்டான்."

"அப்ப சரி. காலைல இவர் எஞ்சின்ல ஏத்திட்டுப் போகட்டும். மத்தியானம் இங்க சாப்பாடு. பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் போட்டு ஒரு மணி நேரம் நான் உக்கார வைக்கறேன். அதுக்குள்ள எஞ்சின மாத்துங்க. சாயங்காலம் அண்ணன் எஞ்சின். நாள் முழுக்க ஓயாம ஓடிச்சுன்னு எழுதிட்டுப் போயிருவான்."

"பலகை?" என்றான் கொர்பீனியன். "புதுப் பலகை ஒண்ணுதானே இருக்கு?"

"கொல்லன் என்ன ஊரவிட்டா போயிட்டான்?"

திட்டம் அவ்வளவுதான். பத்திரிகையில் தொடர்கதையாக வந்தால் ஒரு வாரம்கூட ஓடாத திட்டம். ஆனால் அன்றைக்கு அந்த நான்கு பேருக்கும் அது பிஸ்மார்க் வகுத்த ராஜதந்திரம்போல் தெரிந்தது.

புதன்கிழமை எட்டு மணி வண்டியில் விட்கோப் வந்து இறங்கினார். ஒல்லியான, சுத்தமான மனிதர். இரண்டு பெட்டிகள். ஒன்றைப் போர்ட்டரிடம் கொடுத்தார். மற்றதைத் தொடவிடவில்லை. "இதுல பட்டியல் இருக்கு" என்றார், பச்சைக்குழந்தை தூங்குகிறது என்பதுபோல.

பலகைகளை மாட்டியபோது பக்கத்திலேயே நின்றார். பங்கிராஸ் சும்மா இருக்கமாட்டாமல், "98-க்கும் 492-க்கும் நடுவுல இடம் விட்டிருக்கே, வார்க்கும்போது இரும்பு பத்தலையா?" என்று கேட்டான்.

விட்கோப் முகம் சுருங்கியது. "முதல்ல வர்றது எந்த வகைங்கறது. அடுத்து வர்றது அந்த வகையில எத்தனையாவதுங்கறது. அந்த இடைவெளிக்காக நாலு கூட்டம் நடந்திருக்கு. தயவுசெஞ்சு அதைக் கேலி பண்ணாதீங்க."

நாலாவது எஞ்சின் அப்போது ஷெட்டின் கடைசித் தண்டவாளத்தில், தார்ப்பாய்க்கு அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பழைய நீராவித் தொட்டி என்று ஸ்டீக்லர் சொன்னார். தொட்டிக்குப் புகைபோக்கி எதற்கு என்று விட்கோப் கேட்கவில்லை.

காலைப் பயணம் கனகச்சிதம். பங்கிராஸ் ஏஷெல்டார்ஃப் வரை போய்த் திரும்பினான். விட்கோப் முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் ஆனந்தம். மத்தியானம் சென்ஸி சொன்னபடி செய்தாள். முதல் உருண்டை, இரண்டாவது உருண்டை, மூன்றாவதை அவர் வேண்டாம் என்றதும், "எங்க ஊரு சாப்பாடு பிடிக்கலைங்களா?" என்று கண்ணைக் கசக்கினாள். நான்கு சாப்பிட்டார்.

அந்த நேரத்தில் ஷெட்டில் தார்ப்பாய் இடம் மாறியது. கொல்லன் வார்த்த இரண்டாவது 98 492 ஏறியது. இடைவெளியைக் கூட அவன் அளந்து விட்டிருந்தான். கொர்பீனியன் எண்ணெய்த் துணியால் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் துடைத்தான். பதினாறு வருடப் பழக்கம். கை தானாகப் போகும்.

இரண்டு மணிக்கு விட்கோப் பிளாட்பாரத்தில் மெல்ல நடந்து வந்தார். நான்கு உருண்டை அவரோடு நடந்தது. நேரே ஏறுவார் என்று கொர்பீனியன் கையை நீட்டினான். அவர் ஏறவில்லை. குனிந்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, சக்கரங்களைச் சேர்த்துக் கட்டும் நீளமான இரும்புத் தண்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

கொர்பீனியனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வோர் எஞ்சினின் தண்டிலும் அதன் நம்பரை உளியால் கொத்தியிருப்பார்கள். பழுது பார்க்கக் கழற்றும்போது ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. பலகையை மாற்றினார்கள். பதிவுப் புத்தகத்தை மாற்றினார்கள். கேபின் சுவரில் பெயின்ட்டை மாற்றினார்கள். தினமும் கண்ணுக்கு நேரே இருக்கும் தண்டை ஒருவரும் நினைக்கவில்லை. பங்கிராஸின் எஞ்சினாக இருந்தால் அரை அங்குலம் அழுக்குக்குள் தேடித்தான் படிக்க வேண்டும். இது கொர்பீனியனின் எஞ்சின். 2781 என்ற நான்கு எண்ணும் வெள்ளி மாதிரி மின்னின.

விட்கோப் நிமிர்ந்தார். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"காலைல இந்தத் தண்டுல 2774-னு படிச்சு எழுதியிருக்கேன்."

"ஆமாங்க."

"இப்ப 2781. நான் சாப்பிட்ட நேரத்துல எஞ்சின் ஏழு கூடியிருக்கு."

கொர்பீனியன் எஞ்சினிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றினான். "எல்லாம் நான்தாங்க பண்ணினேன். சார் மேல தப்பில்ல." பிறகு ஒன்றுவிடாமல் சொன்னான். வைக்கோல் போர், பன்றித் தொடை, கொல்லன், தார்ப்பாய்.

விட்கோப் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கவிழ்த்துவைத்திருந்த கரிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"2781 இருக்கா?" என்றார் ஈனக்குரலில். "நிஜமாவே இருக்கா?"

"எதிர்ல நிக்குதுங்களே."

"கடவுளே. நம்பரெல்லாம் பழைய வரிசைப்படி கொடுத்திருக்கு. இதை நடுவுல சொருகினா பின்னால இருக்கற ஒவ்வொண்ணும் ஒண்ணு தள்ளணும். அத்தனை பலகையும் வார்த்தாச்சு. பாதி மாட்டியாச்சு. கடைசில சேர்க்கலாம்னா அங்க அடுத்த வகை முட்டிக்கிட்டு நிக்குது." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பட்டியல் போட்டேன். தூக்கி எறிஞ்சுட்டாங்க. இது ரெண்டாவது. மூணாவது போட எனக்குத் தெம்பில்ல. என் மனைவிகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப எங்களைக் காட்டிக்கொடுக்கப் போறதில்லீங்களா?" என்றார் ஸ்டீக்லர், உயிர் திரும்பி.

"எதைக் காட்டிக்கொடுக்கறது? இப்படி ஒரு எஞ்சின் கிடையாது. நான் பாக்கல. நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள இதை உடைச்சு இரும்பாக்கிருங்க. அவ்வளவுதான். எல்லாருக்கும் நல்லது."

ஸ்டீக்லர் நிம்மதியாக மூச்சு விட்டார். பங்கிராஸ் தரையைப் பார்த்தான். கொர்பீனியன் மட்டும் அசையவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் மெதுவாக 'உஸ்... உஸ்...' என்றுகொண்டிருந்தது, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியாமல்.

"அந்தப் பட்டியலக் கொஞ்சம் காட்டுங்க" என்றான்.

"எதுக்கு?"

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. விட்கோப் கையோடு வைத்திருந்த பட்டியல் பெட்டியைத் திறந்தார். கொர்பீனியன் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பக்கத்தை வாங்கினான். டி பதினொன்று வகை. இடப்பக்கம் பழைய நம்பர், வலப்பக்கம் புதுசு. விரல் கீழே இறங்கியது. அவனுக்கு அவை வெறும் எண்கள் இல்லை. இது கெம்ப்டனில் ஓடுவது, பிரேக் சரியில்லை. இது பாஸாவில் ஒரு குடிகாரன் கையில் மாட்டிக்கொண்டது. பனியில் சிக்கிய வண்டியை ஒருமுறை இதோடு சேர்ந்து தள்ளியிருக்கிறோம். விரல் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"2803. இதுக்கு 98 517 கொடுத்திருக்கீங்க."

"ஆமா. வைடன்ரீட் ஷெட்."

"2803 செத்துப் போச்சுங்க. பதினேழாம் வருஷம் ராணுவ ரயில்வேக்கு என்னையும் அதையும் சேர்த்துத்தான் பிரான்ஸுக்கு அனுப்பினாங்க. பாலம் உடைஞ்சு ஆத்துல விழுந்துச்சு. கரையில நின்னு என் கண்ணால பாத்தேன். புகைபோக்கிதான் கடைசியா முங்கிச்சு." அவன் குரல் உயர்ந்தது. "எதிர்ல நின்னு மூச்சு விடறதுக்கு நம்பர் கிடையாது. ஆத்துக்கு அடில மீனு குடியிருக்கறதுக்கு நம்பரா? என்ன நியாயம் சார் இது? இதை உடைக்கணும்னா முதல்ல போய் அதை ஓட்டிக் காட்டுங்க!"

விட்கோப்புக்குக் காது சிவந்தது. பிறகு பெட்டியின் அடியிலிருந்து, இரவு உடுப்பில் சுற்றிய கனமான எதையோ எடுத்துப் பிரித்தார்.

98 517.

"ஒன்பது நாளா தூக்கிக்கிட்டு அலையறேன்" என்றார் மெதுவாக. "வைடன்ரீட்ல எஞ்சின் வெளியூர் போயிருக்கு, பழுதுக்குப் போயிருக்குன்னு ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொன்னாங்க. கடைசில இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. வருஷா வருஷம் பழைய கணக்கையே காப்பி அடிச்சு அனுப்பியிருக்காங்க. பலகையத் திருப்பி எடுத்துட்டுப் போனா பட்டியல்ல ஓட்டை விழும். ஆத்துல போடலாமான்னுகூட நினைச்சேன்."

"அது ஏற்கெனவே ஆத்துலதாங்க இருக்கு" என்றான் பங்கிராஸ்.

விட்கோப்தான் முதலில் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரும் என்றே அதுவரை யாருக்கும் தெரியாது.

வேலை மளமளவென்று நடந்தது. வைடன்ரீடிலிருந்து 2803 ஹின்டர்மோஸுக்கு மாற்றப்பட்டதாக ஸ்டீக்லர் ஒரு தாள் எழுதினார். பொய் எழுதுவதில் அவருக்குப் பழைய அனுபவம் இருந்தது. விட்கோப் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தண்டில் இருக்கும் நம்பர் போயாக வேண்டும்.

"நானே பண்றேன்" என்றான் கொர்பீனியன்.

அரத்தை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டான். இரண்டு தேய்ந்தது, ஏழு தேய்ந்தது. எட்டுக்கு வந்தபோது சற்று நிறுத்தி, துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். துடைப்பதற்கு அவசியமே இல்லை, எப்படியும் அழிக்கப்போவதுதான். சென்ஸி பீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உளியால் 2803 என்று கொத்தி முடித்தபோது மாலை வெயில் ஷெட்டுக்குள் நீளமாக விழுந்திருந்தது. அவனே பலகையை மாட்டினான். நான்கு திருகாணி.

"பாராட்டுப் பத்திரம்?" என்று விட்கோப் கிளம்பும் நேரத்தில் ஸ்டீக்லர் ஞாபகப்படுத்தினார்.

"எந்த எஞ்சினுக்கு?" என்று கேட்டார் விட்கோப். ஸ்டீக்லர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஏஷெல்டார்ஃபிலிருந்து கொர்பீனியன் வந்துகொண்டிருந்தான். கால்டென்பாக் ஸ்டேஷனில் எதிர் வண்டிக்கு வழி விட வேண்டும். நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். மேட்டைத் தாண்டிப் புகை தெரிந்தது. இவ்வளவு கறுப்பாகப் புகைவிட இந்தப் பாதையில் ஒருவனால்தான் முடியும்.

98 492 பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நின்றது. கேபினுக்குக் கேபின் நேர் நேராக. ஆறு வருடத்தில் இரண்டு எஞ்சினும் வெயிலில் ஒன்றையொன்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"யோவ் மச்சான்!" பங்கிராஸ் பாதி உடம்பை வெளியே நீட்டினான். "என்னய்யா, கிழவனாயிட்ட? ஷெட்டு இருட்டுல பாத்தப்ப இவ்வளவு நரை தெரியலியே!"

"உன் புகையில ஊரே நரைச்சிருச்சு மாப்பிள்ளை. நெருப்பு போடத் தெரியலைன்னா இறங்கி வா, என் ஃபயர்மேன் சொல்லித் தருவான்."

"ஐநூத்திப் பதினேழு நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டுக்குப் பாடம் எடுக்குதா? வரிசையில எனக்குப் பின்னால நில்லுய்யா!"

"வந்த மாப்பிள்ளைக்கு முன்னால இடம் விடறது எங்க வீட்டுப் பழக்கம். தொலைஞ்சு போ!"

பயணிகள் ஜன்னல்களில் கூடிவிட்டார்கள். இரண்டு ஃபயர்மேன்களும் ரொட்டியைப் பிய்த்துக் கைமாற்றிக்கொண்டார்கள். சென்ஸி கட்டிக்கொடுத்த அதே ரொட்டி இரண்டு பக்கமும் இருந்தது, இருந்தாலும் மாற்றிக்கொண்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை ஆட்டி ஆட்டிக் கை வலித்து, கடைசியில் பென்சிலும் புத்தகமுமாக ஓடி வந்தார்.

"பதினோரு நிமிஷம் லேட்டு! நான் எழுதியாகணும். எந்த எஞ்சினால லேட்டு?"

பங்கிராஸ் உடனே எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

கொர்பீனியன் மறுக்கவில்லை. படியில் இறங்கி நின்று, ஊருக்கே கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "தொண்ணூத்தெட்டு." கொஞ்சம் இடைவெளி விட்டான். "ஐநூத்திப் பதினேழு. தெளிவா எழுதிக்கங்க. இன்னொரு தரம் சொல்லட்டுமா?"